போடாத கையெழுத்து

பேக்கரியில் கேக்கின் மேல் பெயர் எழுதுவது அவள் வேலை. க்ரீம் கூம்பை அவள் அழுத்தினால் எழுத்து முத்து முத்தாக விழும். கடையில் எல்லோருக்கும் அவள் கேக்கக்கா. புருஷன் டாக்ஸி ஓட்டியவன். சொந்த வண்டி வாங்க அவன் வங்கியில் கடன் எடுத்தபோது அவளும் கூடக் கையெழுத்துப் போட்டிருந்தாள். பிறகு அவனுக்குச் சிறுநீரகம் கெட்டது. தவணை நின்றது, வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள், கடைசியில் அவனும் போய்ச் சேர்ந்தான். மிஞ்சியது அவளும் ஒன்பது வயது மகளும்தான். வாய் ஓயாத பிள்ளை என்பதால் மகளுக்கு மைனா என்று பெயர் விழுந்திருந்தது.

பட்ட காலிலே படும் என்பார்கள். அந்த வருஷமே வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். புது வீடு என்றால் முன்பணம் வேண்டும். வங்கிக்குப் போனாள். அதிகாரி அம்மா கம்ப்யூட்டரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"உங்க கடன் ஸ்கோர் ரொம்பக் கீழ கிடக்கும்மா. வண்டியை வித்தது போக இன்னும் பாக்கி உங்க பேர்ல நிக்குது. பேசி, கொஞ்சம் கொஞ்சமா அதை அடைச்சிட்டு வாங்க. அப்புறம் பார்க்கலாம்."

"அதுவரைக்கும் எங்கங்க குடியிருக்கறது?"

அந்த அம்மா அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

பேக்கரியில் அடுப்பு பார்க்கும் அண்ணன் நல்ல மனசோடுதான் ஓர் ஆளைச் சொன்னார். "ஸ்கோரு கீருன்னு ஒண்ணும் கேக்க மாட்டார்மா. போன கையோட பணம்."

செல்போன் கடைக்கு மேலே மாடியறை. கடன் கொடுப்பவர் எழுந்து நின்று வரவேற்றார், நாற்காலியை இழுத்துப் போட்டார். "உங்க முகத்தைப் பார்த்தாலே தெரியுதுக்கா, நாணயமானவங்கன்னு." புருஷன் போன பிறகு அவளுக்காக யாரும் எழுந்து நின்றதில்லை. கண் கலங்கிவிட்டது.

ஐம்பதாயிரத்துக்குப் பேச்சு, கையில் வருவது நாற்பது. பத்தாயிரத்தை முதலிலேயே வட்டிக்குப் பிடித்துக்கொள்வார்களாம். வாராவாரம் தவணை. அவளுடைய பேங்க் கார்டு அவரிடமே இருக்க வேண்டும். கையெழுத்துக்காக நகர்த்திய தாள்களில் இரண்டு வெறுமையாக இருந்தன.

"இதுல ஒண்ணும் எழுதலையே?"

"அப்புறம் நாங்க எழுதிக்குவோம்க்கா."

"மொத்தம் எவ்வளவு கட்டணும்னு எழுதிக் குடுங்க. வீட்ல வச்சுப் படிச்சிட்டு நாளைக்கு வர்றேன்."

அவர் சிரிப்பு நின்றது. "இன்னிக்கு விட்டா கிடையாது. உங்களுக்கு வேற யாருக்கா குடுப்பா?"

அவர் சொன்னது பொய்யில்லை. பேனாவை எடுத்துவிட்டாள். அப்போதுதான் அந்த நாள் நினைவுக்கு வந்தது. மருந்துக்காகப் புருஷன் அவளிடம் சொல்லாமல் இப்படி ஓர் இடத்தில் கடன் வாங்கியிருந்தான். பிணம் போய் மூன்றாம் நாள், செருப்புக்காலோடு இரண்டு பேர் உள்ளே வந்து, "பாப்பா, உங்கப்பா என்னென்ன வச்சிட்டுப் போயிருக்காரு?" என்று மைனாவைக் கேட்டார்கள். அதன்பின் பல நாள் பிள்ளை வாயே திறக்கவில்லை.

"வேணாங்க" என்று எழுந்துவிட்டாள். விறுவிறுவென்று படியிறங்கினாள். அது துணிச்சல் இல்லை, பயம்தான்.

கடைசியில் தங்க இடம் கேட்டு நாத்தனார் வாசலில் போய் நின்றாள். "என் தம்பியைப் பார்த்துக்காம சாகவிட்டுட்டா" என்று ஊர் கேட்கச் சொன்னவர். பேச்சுவார்த்தை இல்லை. இருந்தும் அவள் சொன்னது முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"இருக்கறது ரெண்டு ரூம். புள்ளையை விட்டுட்டுப் போ, என் தம்பி ரத்தம், நான் பார்த்துக்கறேன். உனக்கு இடம் கிடையாது."

மைனாவின் துணிகளை மடித்துப் பையில் வைத்தபோது, பிள்ளையும் கூடவே மடித்துக் கொடுத்தது.

"நான் பேசிக்கிட்டே இருக்கறதாலயாம்மா? இனிமே பேசவே மாட்டேன். கூட வச்சுக்கறியா?"

"அதில்லடா கண்ணு" என்றாள். பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

பேக்கரிக்குப் பின்னால் நாலு பெண்களோடு ஓர் அறையில் படுக்கை கிடைத்தது. மிச்சம் பிடித்த வாடகை பழைய பாக்கிக்குப் போனது. பகலெல்லாம் யார் யார் வீட்டுப் பிள்ளைகளுக்கோ பிறந்தநாள் வாழ்த்து எழுதினாள். ஞாயிறு தோறும் மகளைப் பார்க்கப் போவாள். முதலில் பிள்ளை காலைக் கட்டிக்கொண்டு விடாது. போகப்போக வாசலோடு நின்றுகொண்டது. ஒரு ஞாயிறு நாற்காலியைக் காட்டி, "உக்காருங்கம்மா" என்றது. வா, போ என்று வாய் நிறையக் கூப்பிட்ட பிள்ளை. நாத்தனார் வீட்டில் பெரியவர்களுக்கு எல்லாம் மரியாதைதான், நல்ல பழக்கம்தான். திரும்பும்போது பஸ்ஸில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பாக்கி அடைய இரண்டு வருஷம் பிடித்தது. அடைந்ததற்கு வங்கியில் எழுதி வாங்கிக்கொண்டாள். அதைக் காட்டியதும், பேக்கரித் தொழிலாளர்கள் சேர்ந்து நடத்திய சேமிப்புச் சங்கத்தில் சின்னக் கடன் கிடைத்தது. வட்டி எவ்வளவு, எப்போது முடியும் என்று எல்லாவற்றையும் படித்துக்காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்கினார்கள். ஓர் அறை, ஒரு ஜன்னல், பின்பக்கம் குழாய். மகளைக் கூட்டிவரப் போனபோது நாத்தனார் வெளியே வரவில்லை. உள்ளே பாத்திரம் தேய்க்கும் சத்தம் மட்டும் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை, மைனா தூக்கக் கலக்கத்தில் எழுந்து உட்கார்ந்து, கண்ணைத் திறக்காமலே, "அத்தை, சீப்பு எங்க?" என்றாள்.

அவள் திருத்தவில்லை. "இதோ" என்று சொல்லிவிட்டு, சீப்பை எடுத்துக்கொண்டு மகளின் பின்னால் போய் உட்கார்ந்தாள்.