அவன் கணினியில் மட்டும்

"அந்தப் பிளக்கைத் தொடாதீங்க மாமா!"

ரத்ரி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு சுகெங் கையை இழுத்துக்கொண்டார்.

"மைக் செட்டுக்கு வேற பிளக் பாயிண்ட் இல்லையேம்மா. மதியம் லுஹர் தொழுகை முடிஞ்சதும் உடலை எடுக்கணும்."

"கொஞ்சம் பொறுங்க."

கூடத்தில் அண்ணன் ஹெர்லம்பாங்கின் உடலுக்குக் கஃபன் துணி சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவன் விடியலில் ஓடவிட்ட கணினி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதில் தயாராகிக்கொண்டிருந்தது, பார்வையற்றவர்களுக்கு ஜாவாத் தீவின் மொழியைப் படித்துக்காட்டும் மென்பொருள். யாரும் நிறுவிக்கொள்ளும்படி அதைத் தொகுக்கும் கட்டளைக் கோப்பு அவன் எழுதியது. இன்று பகலுக்குள் அனுப்பாவிட்டால் அடுத்த வருடப் பதிப்பில்தான் சேரும்.

"அவன் ஓடவிட்டது. நிறுத்திடாதடி," என்றாள் அம்மா.

ரத்ரி உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள்.

அண்ணனின் குழுவிலிருந்து பகஸ் வந்தான். அம்மாவின் கையைத் தொட்டுவிட்டு நேரே கணினிக்கு வந்தான்.

"இது இங்க முடிஞ்சாலும் பிரயோஜனம் இல்லக்கா. என் மெஷின்ல ஓடல. சரிபார்ப்புலயும் தள்ளிட்டாங்க."

ஒரு வரியைக் காட்டினான். உச்சரிப்புக் கோப்பை எடுக்கும் இடத்தில், அண்ணன் தன் பெயரிட்ட சொந்தக் கோப்புறையைக் குறித்திருந்தான். சோதனைக்காக எழுதியதை மாற்ற மறந்திருக்கிறான்.

"யார் தொகுத்தாலும் ஒரே மாதிரி வரணும்னு எங்களை வறுத்தெடுத்த மனுஷன்க்கா. போன மாசம் நான் இதே தப்பு பண்ணினப்போ, 'உன் வீட்டையும் சேர்த்தாடா ஊருக்கு அனுப்பப் போறே?'ன்னாரு." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை.

"நீயே மாத்திடேன்."

"உச்சரிப்புக் கோப்பு இதுலதான் இருக்கு. அவருக்கு அடுத்து அனுப்புற அனுமதியும் உங்களுக்குத்தான்."

வெளியே யாரோ மல்லிகைச் சரம் கேட்டார்கள். சுகெங் வயரைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக நின்றார். ரத்ரி அம்மா இருந்த பக்கம் திரும்பாமல் ஓட்டத்தை நிறுத்தினாள். உச்சரிப்புக் கோப்பைத் தொகுப்புக்குள் நகலெடுத்தாள். அந்த வரியில் அவன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். அனுப்பினாள்.

"உன் மெஷின்ல ஓட்டிப் பாரு பகஸ்."

கணினியின் பிளக்கை அவளே பிடுங்கி சுகெங்குக்கு இடம் விட்டாள்.

தொழுகை முடிந்து, முற்றத்து ஒலிபெருக்கி கரகரத்தது. ஹெர்லம்பாங் தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுமாறு ஊராரிடம் கேட்டது. உடல் வைத்த சந்தூக்கைத் தோளுயரம் தூக்கிப் பிடித்தார்கள். ஊர் வழக்கப்படி, வீட்டார் மூன்று முறை அதன் அடியில் குனிந்து கடக்க வேண்டும். முதலில் அம்மா, பின்னால் ரத்ரி.

முதல் முறை கடந்து நிமிர்ந்தபோது, வாசலில் செருப்புகளுக்கு நடுவே குந்தியிருந்த பகஸ் மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கி அவளைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான்.

ரத்ரி இரண்டாம் முறை குனிந்தாள்.