ஏறும் சீட்டு

இந்த மனுஷன் என்னிடம் ஒன்று கேட்டு, நான் முடியாது என்று சொல்கிற நாள் மட்டும் வந்துவிடக் கூடாது.

மூன்றாவது கான்கிரீட் கட்டையின் முன்னால் குந்தியிருந்தவளுக்கு மனதில் ஓடியது இதுதான். கண் எதிரே இருந்த கிளாம்புகளை விட்டு நகரவில்லை. பின்னால் ரேடியோ கோபுரம், ஒல்லியாக, ஐம்பது மீட்டர் உயரத்துக்கு எழும்பி நின்றது. தன் காலில் நிற்கிற சாதியல்ல அது. மூன்று பக்கமும் கான்கிரீட் கட்டைகளில் கட்டிய ஸ்டே கம்பிகள் இழுத்துப் பிடித்திருப்பதால் நிற்கிறது. அந்தக் கம்பிகளைப் பார்த்து அவள் கையெழுத்துப் போட்டால்தான், மிச்சமிருக்கும் இரண்டு கோபுரத் துண்டுகளை ஏற்ற ஆள் மேலே போகலாம். அந்தக் காகிதத்துக்குப் பேர் ஏறும் சீட்டு.

"அக்கா, பெல்ட்டை மாட்டி அரை மணி நேரமாச்சு. இனிமே கழட்டினா இடுப்பும் சேர்ந்து வந்துரும்" என்றான் ஒட்டகம். கழுத்து நீளத்துக்காக வைத்த பேர். கோபுரம் ஏறுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை.

"இருக்கிறதே அவ்வளவுதான், பத்திரமா வச்சுக்கோ" என்றாள், திரும்பாமல்.

கம்பியை வளைத்து மடித்து, மடித்த வாலையும் சுமை தாங்கும் பக்கத்தையும் சேர்த்துக் கடிப்பவை கிளாம்புகள். வளைந்த போல்ட் வால் பக்கம் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் சுமை தாங்குகிற கம்பியையே அது நசுக்கும். முதல் கிளாம்பு சரி. மற்ற இரண்டும் தலைகீழ்.

எப்படி நடந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். காலையில் முதல் கிளாம்பை முடுக்கும்போதுதான் போர்மேனுக்குப் போன் வந்தது. மகளுக்குப் பெண் குழந்தை. தளத்தில் இருந்த எல்லோரிடமும், சிமெண்ட் லாரிக்காரரிடம்கூட, படத்தைக் காட்டிவிட்டு வந்து மிச்சத்தை முடுக்கினார். கிளாம்பு அவர் கை வேலை. அவர் போட்டதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவளே இன்று பார்த்தது பழக்க தோஷத்தில்தான்.

"அண்ணே, கொஞ்சம் வாங்களேன்."

வந்தார். பார்த்தார். கையிலிருந்த ஸ்பேனரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"நானா போட்டேன்?"

"நீங்கதான்."

"தாத்தா ஆனதும் கை குளறிப்போச்சு பாரு" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்று. நசுங்கிய கம்பியை மாற்றி, வேறு கம்பியால் கோபுரத்தைப் பிடித்து வைத்து, மூன்று பக்கமும் இழுவையை மறுபடி சரிபார்க்க மூன்று மணி நேரம் ஆகும். மகள் ஊருக்கு நாளுக்கு ஒரே பஸ். மூன்று மணிக்கு.

"இழுவை மீட்டர் சரியாத்தானே காட்டுது, தங்கச்சி?"

"காட்டுதுண்ணே. நழுவுற வரைக்கும் காட்டும்."

"ரெண்டே துண்டு. ஒரு மணி நேர வேலை. பாதியில விட்டுட்டுப் போக மனசு வரலை. ஏத்திட்டு நான் கிளம்பறேன். பசங்க சாயங்காலம் இதை மாத்திடுவாங்க. காத்துகூட இல்லை பாரு."

காற்று இல்லைதான். அவள் கம்பியைப் பார்த்தபடி இருந்தாள்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அந்த ஒரு நாளிலும் காற்றில்லை. வேறொரு கோபுரத்தில், நாற்பது மீட்டர் உயரத்தில், கை முறிந்து பெல்ட்டில் தொங்கினான் அவள் கணவன். யார் சொல்லியும் கேட்காமல் மேலே ஏறி, அவனைத் தன்னோடு கட்டி, அடி அடியாக இறக்கிக்கொண்டு வந்தவர் இவர். இறக்கியதும் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாராம். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அதைப் பற்றிப் பேசியதில்லை. நன்றி என்று அவள் ஆரம்பித்தாலே, "கிளம்பு, கிளம்பு, வேலை கிடக்கு" என்று விரட்டுவார்.

இன்று காலையும் முறிந்து கோணலாகக் கூடிய அந்த மணிக்கட்டோடுதான் அவள் கணவன் மகளுக்குத் தலை பின்னினான். வகிடு எப்போதும் போல இடது பக்கம் ஓடியது. அவள் அதைத் திருத்துவதே இல்லை. வாசலில் நின்று, கோணல் வகிடு தெருமுனை திரும்பும்வரை பார்ப்பாள். ஒவ்வொரு நாளும் தன் வீட்டுக்குள் நடமாடுகிற அந்த மனுஷனுக்காக யாருக்குக் கை கூப்புவது என்று யோசித்தால் முதலில் வருவது இவர் முகம்தான். அந்த முகம் இப்போது அவள் எதிரே, ஆசையும் வெட்கமுமாக.

இவர் மேலே இருக்கும்போது இந்தக் கம்பி நழுவினால்? ஒட்டகம் தனியாக ஏறுவதில்லை. கடைசித் துண்டுக்கு இவரும் போவார்; எப்போதும் போவார்.

"உன்கிட்ட இதுவரைக்கும் நான் ஒண்ணும் கேட்டதில்லை" என்றார் குரலைத் தாழ்த்தி. "இன்னைக்கு ஒரு நாள். கையெழுத்தைப் போட்டுக் கொடும்மா."

ஒட்டகம் வேறெங்கோ பார்த்தான்.

அவள் சீட்டை இரண்டாக மடித்தாள். மூடியைத் திறக்காமலே பேனாவைப் பையில் போட்டாள்.

"நீங்க பஸ்ஸுக்குக் கிளம்புங்கண்ணே. கிளாம்பை நாங்க மாத்துறோம். மிச்ச ரெண்டு துண்டும் நீங்க திரும்பி வந்த பிறகு ஏறட்டும்."

"அப்போ இன்னைக்குக் கையெழுத்து?"

"இன்னைக்கு இல்லைண்ணே" என்றாள்.