பதினான்காம் ஸ்தலம் இன்னும் பதிவாகவில்லை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஓர் ஆல்பத்தின் அட்டையிலிருந்து பிறந்தது. குழுவின் பெயர் 'முள்முடி'. வேதக்காரப் பிள்ளைகள் மூன்று பேர், வாசிப்பது பங்க் ராக். காது கிழியும், ஆனால் பாட்டெல்லாம் இயேசுதான். முதல் ஸ்டுடியோ ஆல்பம். தீர்ப்பிலிருந்து கல்லறை வரை இயேசு போன சிலுவைப்பாதைக்குப் பதினான்கு ஸ்தலம், ஆல்பத்துக்குப் பதினான்கு பாட்டு. அட்டை அச்சாகிவிட்டது. பதிவானது பதிமூன்று.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'தஞ்சாவூரில் மழை வெளுத்து வாங்கியது. ஸ்டுடியோ கதவை யாரோ…'

(வேண்டாம். யாரும் தட்டவில்லை. முதல் வரியிலேயே கதவைத் தட்டவைப்பது என் பழைய வியாதி.)

பாடகி ஜொவிதா மைக் முன்னால் நிற்கிறாள். பதினான்காம் ஸ்தலம், இயேசுவின் அடக்கம். அதற்கு அவள் எழுதியிருப்பது தன் அப்பாவின் அடக்கத்தை. குடவாசல் பக்கம் குத்தகை நிலம். கதிர் வந்த சம்பா தண்ணீரில் அழுகிய வருடம், அவர் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். தற்கொலை பாவம் என்று கோயிலில் துக்கமணி அடிக்கவில்லை. கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே புதைத்தார்கள். ஆறு வருடமாக ஊரில் யாரும் அதைப் பேசுவதில்லை. அந்தப் பேசாமையைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா ஞாயிறு பூசைக்குப் போய்வருகிறார்.

3

(அம்மாவை முதல் பிரதியில் நெஞ்சுவலியில் சாகடித்திருந்தேன். எனக்கு வசதியாக இருந்தது. பிறகு வெட்கமாகிவிட்டது, எழுப்பிவிட்டேன்.)

எழுந்தவர் போன் செய்கிறார்.

"அந்தப் பாட்டு வேணாம்டி. நான் அந்தக் கோயில்லதான் முழங்கால் போடணும்."

"சரிம்மா. பதிமூணோட நிறுத்திடுறேன்."



"பதிமூணாவது என்ன ஸ்தலம்?"

ஜொவிதாவுக்குத் தெரியும். சிலுவையிலிருந்து இறக்கிய உடலை மாதாவின் மடியில் கிடத்துகிற ஸ்தலம்.

"அதோட நிறுத்துனா, அவரு என் மடியிலயே கெடப்பாருடி. ஆறு வருசமா அங்கதான் கெடக்குறாரு."

"அப்ப பாடவாம்மா?"

"நான் பாடுன்னு சொல்லல."

4

முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

பாடுகிறாள், ஊர் அழுகிறது, அப்பாவின் குழி உள்ளே வரும்படி வேலியைத் தள்ளிப் போடுகிறார்கள். (வாரப் பத்திரிகையில் இதைத்தான் கேட்பார்கள். வேலி நகராது.)

பாடவில்லை, பதினான்காவதாக இரண்டு நிமிட மௌனம். (கெட்டிக்காரத்தனம். அப்பாவுக்கு ஏற்கெனவே கிடைத்ததும் அதுதானே.)

அம்மாவே பஸ் ஏறி வந்து மைக்கைப் பிடித்து… (அடித்துவிட்டேன்.)

கண்ணாடிக்கு அந்தப்பக்கமிருந்து ஒலிப்பதிவாளர் ஃபாஜில் கேட்கிறார்: "என்னம்மா, எடுக்கலாமா? இல்ல, மூடிரலாமா?"

ஜொவிதா போனை வைக்கவில்லை. அம்மாவும் வைக்கவில்லை. இதற்குமேல் எனக்கு எழுத வரவில்லை. ஃபாஜிலுக்கு நீங்களே பதில் சொல்லுங்கள். ஆனால் அம்மாவின் காதில் விழுகிற மாதிரி சொல்லுங்கள்.