பலகைத் தரை

காப்பார் ஊரில் எங்கள் பலகை வீட்டில் "கிஷன்!" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், தரையில் உட்கார்ந்திருக்கும் என் மகன் சட்டென்று திரும்புவான். எட்டு மாதப் பிள்ளை. இவனுக்குக் காது கேட்கவில்லை என்று கிளினிக் நர்ஸ் சந்தேகப்பட்டபோது எனக்கு வந்ததே கோபம்! "வீட்டுக்கு வந்து பாருங்க லா" என்று சண்டைக்கே போய்விட்டேன். என் கணவர் விஜயன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

நர்ஸ் விடாப்பிடியாக எங்களைப் பிரிக்ஃபீல்ட்ஸ் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். அங்கே செவித்திறன் பார்க்கும் லோஜினி, கிஷனின் தலையில் ஒயர்களை ஒட்டி, காதில் குட்டி இயர்போனை வைத்தார். அதில் "பா, பா" என்று ஒரு குரல் போய்க்கொண்டே இருக்கும். கேட்டால் மூளை பதில் சொல்லும், அது திரையில் அலையாக எழும் என்றார். கிஷன் என் மடியில் தூங்கிவிட்டான். சத்தத்தை எவ்வளவு கூட்டியும் கோடு எழவே இல்லை.

"உங்க மெஷின் ரோசாக், கெட்டுப்போச்சு அக்கா. இப்ப பாருங்க."

பிள்ளையை எழுப்பிக் கம்பளத்தில் உட்கார வைத்தேன். பின்னால் நின்று கூப்பிட்டேன். இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். அவன் பாட்டுக்குக் கிலுகிலுப்பையைச் சப்பிக்கொண்டிருந்தான்.

லோஜினி கீழே பார்த்தார். "அண்ணே, ஏன் காலத் தட்டுறீங்க?"

விஜயனின் குதிகால் அப்படியே நின்றது. சிமெண்டுத் தரை, மேலே தடித்த கம்பளம். எங்கள் வீட்டுப் பலகையா அது, அதிர்ந்து பிள்ளையிடம் போய்ச் சேர? வீட்டில் நான் கூப்பிடும்போதெல்லாம் இவர் இப்படித்தான் தட்டியிருக்கிறார். நான் தனியாக இருக்கும்போது நடந்து போய்த்தான் அவனைக் கூப்பிடுவேன். என் காலடியும் அதே பலகையில்தான்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று விஜயனைக் கேட்டேன்.

"பொறந்தப்பவே சொன்னாங்க. மறுபடியும் டெஸ்டுக்குக் கொண்டாரச் சொன்னாங்க. நீ ஆபரேஷன் பண்ணிப் படுத்திருந்த, எப்படிச் சொல்றது? தானா சரியாயிடும்னு நெனச்சேன்."

"அதுக்கு என்னை ஏமாத்துவீங்களா?"

காது மெஷின் போட்டுப் பார்ப்போம், இன்னும் சீக்கிரம் வந்திருந்தால் நல்லது என்றார் லோஜினி. எத்தனை தாலாட்டு பாடியிருப்பேன்! பக்கத்திலேயே உட்கார்ந்து சிரித்த மனுஷன் இவர். பாவி, என் பிள்ளையின் எட்டு மாதத்தை விழுங்கிவிட்டாரே!

கிஷனைத் தூக்கிக்கொண்டு கதவை நோக்கி நடந்தேன்.

"ஷாமினி!" என்று விஜயன் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

எனக்கு நன்றாகவே கேட்டது. நான் திரும்பவில்லை.