குரங்குப் பக்கம் விழுந்த படம்

என் கணவரைக் குரங்கு என்று கணினி சொன்னபோது எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது.

எங்கள் ஆய்வகத்தில் வேலை இதுதான்: மனிதர்களையும் குரங்குகளையும் ஸ்கேன் இயந்திரத்துக்குள் படுக்கவைத்து, சும்மா இருக்கும்போது மூளையின் எந்தப் பகுதி எந்தப் பகுதியோடு சேர்ந்து வேலை செய்கிறது என்று பார்ப்போம். முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே மனிதர்களிடம் பலமான ஓர் இணைப்பு இருந்தது. குரங்குகளிடம் அது அநேகமாக இல்லை. பரிணாமத்தில் அவற்றைவிட்டுப் பிரிந்து வந்த பிறகு நமக்கு மட்டும் உண்டான இணைப்பு இது என்று கட்டுரை எழுதி முடித்திருந்தேன். அது அச்சேறினால்தான் என் வேலை நீடிக்கும். மூன்று வருடம் அதோடு மாரடித்ததில், கண்ணை மூடினாலும் மூளைப் படங்கள்தான் ஓடின. தூக்கம் என்னைவிட்டு எப்போதோ போய்விட்டது.

கடைசிச் சரிபார்ப்புக்காக ஸ்கேனில் படுக்க வருவதாகச் சொன்ன ஆள் கம்பி நீட்டிவிட்டார். ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து, தலையெல்லாம் மாவோடு வந்து நின்ற கணவரைக் கெஞ்சிக் கூட்டிப்போனேன்.

"நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். அசையாம படுத்திருங்க. கண்ண மட்டும் மூடாதீங்க."

"சும்மா படுத்திருக்க ஒரு வேலையா? இத்தனை நாள் என்கிட்ட ஏன் சொல்லல?"

பிறகு, யாருடைய படம் என்று சொல்லாமல், இணைப்புகளின் பலத்தை மட்டும் கணினிக்குக் கொடுத்தேன். மனிதர் ஒரு பக்கம், குரங்கு ஒரு பக்கம் என்று அது பிரித்துக்கொண்டே போனது. ஒரே ஒரு மனிதர் மட்டும் குரங்குப் பக்கம் விழுந்தார். என் வீட்டுக்காரர்.

வீட்டுக்குப் போன் செய்தேன்.

"உள்ள படுத்திருந்தப்ப என்னங்க யோசிச்சீங்க?"

"உண்மையச் சொல்லவா? நீ கதவச் சாத்துனது தெரியும். அப்புறம் மெஷின் அக்கா வந்து தட்டி எழுப்பினாங்க."

"அந்தச் சத்தத்துலயா தூங்குனீங்க?"

"எங்க மாவு பிசையற மெஷின் சத்தத்துக்கு முன்னால அதெல்லாம் ஒரு சத்தமா?"

என் சிரிப்பு அங்கேயே நின்றுபோனது. தூங்கினால் மனிதரிடமும் அந்த இணைப்பு தளர்ந்துவிடுமா? அசையாமல் படு என்றால் குரங்கு கேட்குமா? அதனால் மயக்க மருந்து கொடுத்துத்தான் அவற்றை ஸ்கேன் செய்தோம். மருந்தால் பெரிய பாதிப்பு இருக்காது என்று கட்டுரையில் ஒரு வரி எழுதி, எங்களை நாங்களே சமாதானம் செய்துகொண்டோம். விழித்திருந்த மனிதர்களையும் மயங்கிக் கிடந்த குரங்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று குதித்திருக்கிறோம்.

தலைமை ஆய்வாளரிடம் போனேன். முதுகுக்குப் பின்னால் நாங்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'அவசரம்'.

"ஒரு ஆள் தூங்கிட்டார்னா அந்த ஆளத் தூக்கிடுங்க. இதுக்குப் போய் ஏன் முகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கறீங்க?"

"குரங்குங்களும் மயக்கத்துலதானே சார் இருந்துச்சு? அதுங்களையும் தூக்கிடலாமா?"

அவசரம் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். அவரும் களைத்துத்தான் போயிருந்தார்.

"ஒரு ஆள வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. இன்னொருத்தரும் தூங்கி, அதுவும் இதே மாதிரி வந்தா, கட்டுரைய அனுப்பாம நிறுத்திடறேன். இல்லன்னா நாளைக்கு அனுப்பிடலாம்."

யாரைத் தேடிப் பிடிப்பது? நானே போய்ப் படுத்தேன். இயந்திரத்தை ஓட்டும் அக்கா போர்வையை இழுத்துவிட்டார்.

"கண்ண மூடலாமா, கூடாதா?"

"மூடத்தான்க்கா வந்திருக்கேன்."

வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது. தூக்கம் வரக்கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டேன். மூன்று வருடம் வராத சனியன் இன்றைக்கு மட்டும் வந்துவிடுமா என்ன? இயந்திரம் தடதடவென்று அடிக்க ஆரம்பித்தது. இங்கே யாரும் என்னைக் கூப்பிட முடியாது, போனும் அடிக்காது என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

அக்கா என் காலைத் தொட்டு உலுக்கினார்.

"எழுப்பவே மனசு வரலம்மா. வாயப் பொளந்துக்கிட்டு அப்படித் தூங்குன."

என் படம் குரங்குப் பக்கத்தில், என் கணவருக்கு அடுத்ததாகப் போய் விழுந்தது. இத்தனை வருடத்தில் நான் நிம்மதியாகத் தூங்கியது அந்த ஒரு தடவைதான். என் கட்டுரை போனதும் அதில்தான்.