ஏழு குழல், ஒரு துப்பாக்கி

எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு துப்பாக்கி. சந்தேகம் இருப்பவர்கள் வந்து பார்த்துக்கொள்ளலாம். குளியல் துண்டு வைக்கும் அலமாரியை மட்டும் திறக்க வேண்டாம். திறந்தால் தலையில் என்ன விழுந்தாலும் நான் பொறுப்பல்ல.

ஒரு காலத்தில் ஒன்பது இருந்தன. ஈஸ்டருக்கு விருந்தாளிகள் வருகிறார்களே என்று படுக்கை விரிப்பு எடுக்கப் போனபோது, பின்னாலிருந்து ஒரு ரைபிள் சரிந்து என் கால் கட்டைவிரலில் விழுந்தது. தோட்டா இல்லாத துப்பாக்கிதான். ஆனால் நகம் கறுப்பதற்குத் தோட்டா தேவையில்லை. விருந்தாளிகள் முன்னாலேயே என் கணவன் ரூடியிடம் சொன்னேன்.

"இந்த வீட்டுல இனிமே ஒரே ஒரு துப்பாக்கிதான். எதுன்னு நீயே முடிவு பண்ணிக்க."

ரூடி நல்லவன். இரும்புச் சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறான், குடிப்பது குறைவு, என் சமையலைக் குறை சொன்னதில்லை. முடிவெடுக்கச் சொன்னால் மட்டும் அவனுக்குக் காய்ச்சல் வந்துவிடும். மானுக்கு ஒன்று வேண்டும், கரடிக்கு ஒன்று, காட்டுக்கோழிக்கு ஒன்று, முயலுக்கு ஒன்று, டிசம்பரில் குழல் வாயில் வெடிமருந்து இடித்துச் சுடும் பருவத்துக்கு ஒன்று என்று கோடை முழுக்கப் புலம்பினான். படுக்கையில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துப்பாக்கி விலைப்பட்டியலைப் புரட்டுவான். வேறு பெண்ணின் கடிதமாக இருந்தால்கூட அவ்வளவு கவனமாகப் படித்திருக்க மாட்டான்.

ஆகஸ்டில் ஒருநாள் ஒன்பதையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வெய்னின் துப்பாக்கிக் கடைக்குப் போனான். திரும்பி வந்தபோது கையில் ஒன்றே ஒன்று இருந்தது. நடுவில் மடித்துத் திறக்கிற வகை. ஒரு தோட்டாதான் போடலாம். சுட்டுவிட்டால் மறுபடி திறந்து, பழையதை எடுத்துவிட்டு அடுத்ததைப் போட வேண்டும். பார்த்ததும் எனக்குப் பாவமாகிவிட்டது. மனுஷன் இவ்வளவு இறங்கி வந்திருக்கிறானே என்று ஏலக்காய் ரொட்டி சுட்டுக் கொடுத்தேன். நான் எவ்வளவு பெரிய ஏமாளி என்று இப்போது நினைத்தாலும் எரிகிறது.

இரண்டு வாரத்தில் தபால்காரர் ஒரு நீளமான அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்தார். என்ன இது என்றேன். குழல் என்றான் ரூடி. சாப்பாட்டு மேசையிலேயே செய்து காட்டினான். அடியில் இருக்கும் முன்கட்டையின் திருகைக் கழற்றினான், கீலில் இருந்த ஆணியைத் தள்ளினான், பழைய குழல் கையோடு வந்தது. புதியதைப் பொருத்தி ஆணியைச் செருகினான். மான் துப்பாக்கி காட்டுக்கோழித் துப்பாக்கியாகிவிட்டது. அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"இது இன்னொரு துப்பாக்கி" என்றேன்.

"இல்ல மார்லீன். இது வெறும் உதிரி."

அடுத்த பெட்டி வந்தது. அதற்கடுத்தது வந்தது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தொலைநோக்கி வேறு, இல்லாவிட்டால் குறி மாறிப்போகுமாம். அக்டோபர் முடிவதற்குள் ஏழு குழல்கள் என் குளியல் துண்டுகளைச் சுற்றிக்கொண்டு அலமாரியில் நின்றன. நாங்கள் குளித்துவிட்டு முகம் துடைக்கும் துணியால் முதுகு துடைத்துக்கொண்டிருந்தோம்.

நியாயம் கேட்க வெய்ன் கடைக்கே போனேன். வெய்ன் பயந்த சுபாவம். தலையைச் சொறிந்துகொண்டே விளக்கினார். விசையும் பிடியும் சேர்ந்த, எண் பொறித்த உடல்தான் துப்பாக்கி. அதை வாங்கத்தான் விண்ணப்பமும் கையெழுத்தும். குழலைத் திரைச்சீலைக் கம்பி மாதிரி தபாலில் வரவழைத்துக்கொள்ளலாம், அரசாங்கம் ஏன் என்று கேட்காது.

"சட்டப்படி ரூடிகிட்ட ஒரே ஒரு துப்பாக்கிதாங்க இருக்கு. மீதியெல்லாம் உதிரி" என்றார்.

சரி, ஒரே ஒரு துப்பாக்கி என்று சொன்னவள் நான், மாட்டிக்கொண்டதும் நான் என்று கிளம்பப்போனேன். அப்போதுதான் அவர், அந்த ஒன்பதில் உங்கள் அப்பா ரைபிளுக்கு மட்டும் நல்ல விலை கிடைத்தது, வந்த வாரமே போய்விட்டது என்று சொல்லிவைத்தார். அதுவரை எனக்கு வந்தது எரிச்சல். உண்மையான கோபம் அந்த இடத்தில்தான் வந்தது.

எங்கள் பக்கம் நவம்பர் பதினைந்து என்றால் பள்ளிக்கூடமே மூடிவிடுவார்கள். மான் வேட்டைப் பருவத்தின் முதல் நாள். ரூடியும் அவன் தம்பி டேலும் கிழவர் நார்மும் தங்குகிற வேட்டைக் குடில் என் அப்பா கட்டியது. காட்டில் அப்பா மானுக்காகக் காத்திருக்கும் கிழக்குப் பரணில் பன்னிரண்டு வயதிலிருந்து நானும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். மூச்சை எப்போது விடுவது, எப்போது நிறுத்துவது எல்லாம் தெரியும். சுட மட்டும் விட்டதில்லை. அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்பார். என் முறை வருவதற்கு முன்னால் கல்யாணம் வந்தது. அப்பா ரைபிளைத் துடைத்து, ரிப்பன் கட்டி, மாப்பிள்ளைக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டார். எனக்கு மாவு பிசையும் பாத்திரம் கிடைத்தது.

குடிலில் அப்பா போட்ட சட்டம் ஒன்று உண்டு. துப்பாக்கி இல்லாதவர் அடுப்படியைப் பார்க்க வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு ஒவ்வொரு பருவத்தின் முதல் நாளும் நான்தான் அங்கே பாஸ்டி சுட்டேன். மாவுக்குள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து, ஓரத்தை முறுக்கி, சூடாக வைத்திருப்பேன். அவர்கள் வந்து தின்றுவிட்டு, தப்பிப்போன மானைப் பற்றிப் பொய் பேசுவார்கள்.

பொய்க்கும் அங்கே ஒரு வரம்பு உண்டு. குறி தப்பியவனின் சட்டைப் பின்பக்கத்தைக் கத்தரித்து, பேரும் வருஷமும் எழுதி, அடுப்புக்குப் பின்சுவரில் ஆணி அடித்துவிடுவார்கள். ரூடியின் துண்டுகளே ஒரு வரிசை தொங்கும். அப்பாவுடையது ஒன்று உண்டு, பச்சைக் கட்டம். என் பெயர் அந்தச் சுவரில் எங்கும் கிடையாது. மாவு தீய்ந்ததற்கெல்லாம் ஆணி அடிக்க மாட்டார்கள்.

வெய்னிடம் ஒரு குழல் காட்டச் சொன்னேன். என்ன மிருகத்துக்கு என்று கேட்டார். ரூடி அப்படித்தான் தேர்ந்தெடுப்பான், மிருகத்தைப் பார்த்து. நான் என்னைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். பரண் ஒடுக்கம், அதனால் குட்டையாக இருக்க வேண்டும். தோளில் உதைக்கக் கூடாது, உதைக்கும் என்று தெரிந்தால் கண் தானாக மூடிக்கொள்ளும். தொலைநோக்கி சின்னதாகப் போதும், அங்கே மரங்களுக்கு நடுவில் ரொம்ப தூரம் தெரியாது. நான்காவதாக அவர் மாட்டிக் கொடுத்தது, தோளில் வைத்ததும் சொன்ன பேச்சைக் கேட்டது. அதையே கட்டச் சொன்னேன், வேட்டை உரிமமும் எடுத்துக்கொண்டேன்.

ரூடி வேலைக்குப் போன நேரங்களில் துப்பாக்கி உடலையும் என் குழலையும் எடுத்துக்கொண்டு சரளைக்கல் குழிக்குப் போய்ச் சுட்டுப் பழகினேன். சாயங்காலம் அவன் குழலையே மாட்டி வைத்துவிடுவேன். கீல் ஆணி முன்பைவிட வழுவழுவென்று நகர்கிறது, தான் போடும் எண்ணெய் அப்படி என்று தன்னையே மெச்சிக்கொண்டான். நானும் ஆமாம் என்றேன்.

பதினான்காம் தேதி குடிலுக்குப் போனோம். எந்தக் குழலைக் கொண்டுபோவது என்று முடிவு செய்ய முடியாமல் ரூடி ஏழையும் எடுத்துவந்திருந்தான். மறுநாள் விடியுமுன், காப்பி ஆறிக்கொண்டிருக்க, மேசையில் என் குளியல் துண்டுகளை விரித்து ஏழையும் அடுக்கினான். ஏரிக்காற்று அடித்தால் இது, பனி விழுந்தால் அது என்று தம்பியிடம் யோசனை கேட்டான். உடல் மட்டும் பெட்டியிலேயே கிடந்தது. அதை அவன் எப்போதும் கடைசியில்தான் எடுப்பான்.

நான் எடுத்தேன். என் குழலைப் பொருத்தி, ஆணியைச் செருகி, முன்கட்டையைத் திருகி, மூடிப் பார்த்தேன். அந்தச் சத்தத்துக்கு மூன்று பேரும் திரும்பினார்கள்.

"ஏழையும் நீயே வச்சுக்க ரூடி. துப்பாக்கிய நான் எடுத்துக்கறேன்" என்றேன்.

முதலில் சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திக்கொண்டான்.

"துப்பாக்கி இல்லாம நான் எப்படி மார்லீன்?"

"ஏன், மேசை நிறைய இருக்கே."

"அது வெறும்..." என்று ஆரம்பித்தவன் வாயை மூடிக்கொண்டான்.

டேலிடம் கேட்டுப் பார்த்தான். அவன் தன் ரைபிளை மார்போடு அணைத்துக்கொண்டான்.

"ஒன்பது வச்சிருந்தப்ப நான் ஒண்ணு கேட்டேன், நீ குடுக்கலையேண்ணே. அண்ணி, பார்த்துப் போங்க, படியில பனி வழுக்குது."

நார்ம் அப்பாவோடு சேர்ந்து அந்தக் குடிலுக்குக் கூரை போட்டவர். பல் செட்டைச் சரிசெய்துகொண்டு தீர்ப்பு சொன்னார்.

"சட்டம் சட்டந்தான். துப்பாக்கி இல்லாதவன் அடுப்படி. ரூடி, வெங்காயம் கூடையில இருக்கு."

வெளியே மூக்கு உதிர்ந்துவிடும் குளிர். கதவருகே ரூடியின் சிவப்புக் கட்டம் போட்ட கம்பளிச் சட்டை தொங்கியது. அவன் ராசிச் சட்டை, என்னைத் துவைக்கக்கூட விடமாட்டான். அதை மாட்டிக்கொண்டு, மேலே வேட்டைக்காரர்கள் போடும் ஆரஞ்சு அங்கியையும் போட்டுக்கொண்டு கிழக்குப் பரணுக்கு நடந்தேன்.

வெளிச்சம் வந்து, அணில் ஒன்று என்னைத் திட்டிவிட்டுப் போனது. பிறகு பிர்ச் மரங்களுக்கு நடுவே அவன் வந்தான், எட்டு முனைக் கொம்போடு, வீட்டு வாசலுக்கு வருகிறவன் மாதிரி. மூச்சை விட்டேன், நிறுத்தினேன். எல்லாம் சரியாகத்தான் செய்தேன். என் நெஞ்சு அடித்த அடியில் பரணே ஆடியிருக்கும், அது ஒன்றுதான் கணக்கில் இல்லை. சுட்டேன். மரப்பட்டை சிதறியது. துப்பாக்கியைத் திறந்து அடுத்த தோட்டாவைப் போடுவதற்குள் வெள்ளை வால் மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை.

பட்டிருக்குமோ என்று இறங்கிப் போய்ப் பார்த்தேன். பனியில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. மரத்தில் என் தோட்டா பதிந்திருந்தது, அப்பாவின் பரணுக்கு நேர் எதிரே. மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தேன், திரும்ப வரவில்லை.

குடிலில் ரூடி முழங்கை வரை மாவோடு நின்றான். தட்டில் இருந்தவற்றைப் பாஸ்டி என்று சொல்ல மனம் வரவில்லை. எல்லாம் வாயைத் திறந்து குடலைக் காட்டிக்கொண்டிருந்தன. டேல் பொறுப்பாக ஒன்றைத் தின்றுகொண்டிருந்தான்.

"ஒரு சத்தந்தான் கேட்டுச்சு. விழுந்துடுச்சா?" என்றான் ரூடி.

"இல்ல. தப்பிடுச்சு."

அவன் முகம் மலர்ந்ததை நான் மறக்க மாட்டேன். நார்ம் ஆணியில் தொங்கிய கத்தரிக்கோலை எடுத்தார். நான் ஆரஞ்சு அங்கியைக் கழற்றினேன். ரூடியின் மலர்ச்சி அப்படியே நின்றுபோனது.

"அது என் சட்டை."

"திரும்பும்மா" என்றார் நார்ம்.

ரூடி குறுக்கே வந்தான். ராசிச் சட்டை, கம்பளி, இப்போதெல்லாம் அந்தத் துணி கிடைப்பதில்லை என்று என்னென்னவோ சொன்னான். வேண்டுமானால் குளியல் துண்டு ஒன்றைக் கத்தரித்துக்கொள்ளச் சொன்னான், அதுவும் என்னுடையது. எதுவும் பலிக்காமல் கடைசியில் ஒரு நியாயம் பேசினான். சட்டை அவனுடையது, அதனால் சுவரில் எழுதும் பெயரும் அவனுடையதாகத்தான் இருக்க வேண்டும். நார்ம் கத்தரிக்கோலைப் பிடித்தபடி யோசிக்க ஆரம்பித்துவிட்டார். மான் போனபோதுகூட நான் அவ்வளவு பயப்படவில்லை.

"சட்டை வெறும் உதிரி, ரூடி. சுட்டது நான்" என்றேன்.

டேலுக்குப் புரையேறியது. ரூடி என்னைப் பார்த்தான், மேசையில் கிடந்த ஏழு குழல்களைப் பார்த்தான், பிறகு சுவரைப் பார்த்தான். அப்பாவின் பச்சைத் துண்டு அங்கேதான் இருந்தது.

"அவரு ரைபிள நான் வித்திருக்கக் கூடாது" என்றான்.

"கூடாதுதான்."

கையைத் துடைத்துக்கொண்டு போய், பச்சைத் துண்டை ஒட்டித் தொங்கிய தன் பழைய துண்டு ஒன்றை ஆணியோடு பிடுங்கினான். நார்ம் கத்தரித்தார். துணியில் என் பெயரை நானே எழுதினேன், ரூடி அந்த இடத்திலேயே ஆணி அடித்தான். குறி தப்பியதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் அந்தக் குடிலில் அதற்கு முன் இருந்திருக்க முடியாது. கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயம் என்று சொல்லலாம்தான், ஆனால் ரூடி அதைப் போடவே மறந்திருந்தான்.

உட்கார்ந்து அவன் சுட்ட பாஸ்டியைத் தின்றேன். உப்பும் இல்லை. ரூடி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எனக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டு, நாளைக்குத் துப்பாக்கி யாருக்கு என்று தணிந்த குரலில் கேட்டான். முதுகில் சில்லென்று காற்று பட்டது. இடுப்பில் செருகிக்கொள்ளச் சட்டையின் பின்பக்கத்தில் ஒன்றும் மிச்சமில்லை.

"அந்த மான் இன்னும் உயிரோடதானே இருக்கு. நாளைக்கு வெங்காயத்த மறந்துடாத" என்றேன்.