இரண்டாம் மாடியின் புதுப் பெட்டி

சுவிட்ச் என்றதும் விளக்குப் போடுகிற சுவிட்சை நினைத்துவிடாதீர்கள், கண்ணுகளா. ஒரு மாடியின் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள, நடுவில் நின்று வாங்கிக் கொடுக்கிற பெட்டி அது. ஓர் அலுவலகத்தில் பழைய பெட்டிகளைக் கழற்றிப் புதியவற்றை மாட்டி, கேபிள்களையும் ஒழுங்குபடுத்துகிற வேலை ஒரு மருமகளுக்குக் கிடைத்தது. நாலு மணிக்குள் இரண்டாம் மாடி ஓடினால் மற்ற மூன்று மாடிகளும் அவளுக்கே என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

துணைக்கு மாமனார். தலைமுடிக்குச் சிக்கெடுப்பதுபோல் கேபிள்களைப் பிரித்துக் கட்டிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி வைத்திருந்தார்.

மூன்றரைக்குப் பெட்டியை உயிர்ப்பித்தாள். பச்சை விளக்குகள் அத்தனையும் பேய் பிடித்தாற்போல் படபடத்தன. ஒரு கம்ப்யூட்டரும் வாய் திறக்கவில்லை.

கேபிள்களில் ஒட்டியிருந்த லேபிள்களைப் படித்தாள். எல்லாம் சரி. எல்லாம் சரியென்றால் ஏன் எதுவும் ஓடவில்லை? தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"பெட்டியே மட்டமோ என்னமோ," என்றார் மாமனார்.

"அணைச்சுப் போட்டா ஒரு நொடி ஓடுது மாமா. அப்புறம் செத்துப்போகுது."

"கம்ப்யூட்டருங்க எல்லாம் பேசி வச்சுக்கிட்டு மக்கர் பண்ணுதோ?"

"நீங்க வேற! வயித்தெரிச்சலைக் கிளப்பாதீங்க."

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "முடிஞ்சுதாம்மா?"

"அஞ்சே நிமிஷம் சார்."

ஒவ்வொரு கேபிளையும் விரலால் தொட்டுக்கொண்டே போனாள். ஒரு நீலக் கேபிள் கட்டுக்குப் பின்னால் சுற்றி, புறப்பட்ட பெட்டிக்கே திரும்பி வந்திருந்தது.

"மாமா, இதை யாரு சொருகினது?"

"நான்தான். ஒரு முனை சும்மா தொங்கிச்சு, பார்க்கவே நல்லால்ல. பக்கத்துல ஓட்டை காலியா இருந்துச்சு."

தான் சொன்னதையே திரும்பக் கேட்டு, அதையே மறுபடி சொல்லி, பெட்டி ஓயாமல் கத்திக்கொண்டிருந்திருக்கிறது; அந்தக் கூச்சலில் கம்ப்யூட்டர்களின் பேச்சு எடுபடவில்லை. கேபிளைப் பிடுங்கினாள். விளக்குகள் மூச்சு வாங்கி அடங்கின. மேசைகளில் திரைகள் விழித்தன.

"என்னம்மா மாட்டினே?" என்றபடி மேனேஜர் உள்ளே வந்தார்.

"எதையும் மாட்டலை சார். ஒண்ணைக் கழட்டினேன்."

"கழட்டினா எப்படி ஓடும்?"

"அதெல்லாம் குடும்ப விவகாரம் சார்," என்றார் மாமனார், முகத்தைக் கெத்தாக வைத்துக்கொண்டு.

மேனேஜர் பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் மேல்மாடிச் சாவியை நீட்டினார். முந்திக்கொண்டு நீண்டது மாமனாரின் கை.

"நீங்க மெதுவா வாங்க மாமா," என்று சாவியை அவளே வாங்கிக்கொண்டாள்.